கதைக்குள் கம்பி விட்ட மேஸ்திரி

முனிரத்தினம் மேஸ்திரி யாரையும் நம்பமாட்டார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

ஆம்பூரில் அப்துல் ஹமீத் சாய்புவின் தோல் ஷாப்புக்கு ஆவாரம்பட்டை வண்டி வண்டியாக வரும். தோல் பதமாவதற்கு அந்தப் பட்டைதான் வேண்டும். விற்கிறவன் சும்மா விற்பானா? எடை கூட்டுவதற்குக் கட்டின் நடுவில் கல்லை வைப்பான். கல் அகப்படாவிட்டால் தண்ணீர் தெளிப்பான். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் உள்ளே பழசை வைத்து மேலே புதுசைப் போர்த்திக் கொண்டுவருவான். மேஸ்திரி ஒரு நீளக் கம்பியைக் கட்டுக்குள் விட்டுத் திருகிப் பார்ப்பார். டக்கென்றால் கல். சளக்கென்றால் தண்ணீர். சத்தமே வராவிட்டால் அது இன்னும் மோசம், புதுத் தினுசு திருட்டு என்று கட்டையே அவிழ்க்கச் சொல்வார். தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்டாட்டியைக்கூடக் கம்பி விட்டுப் பார்த்திருப்பான் இந்த ஆள் என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அது அவர் காதிலும் விழும். விழுந்தால் விழட்டும் என்று இருப்பார்.

இப்படிப்பட்ட மனுஷனிடம் போய்க் கதையைச் சோதிக்கிற வேலையைக் கொடுத்தார் சாய்பு.

அது ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் கழித்து. மிஷன் பங்களாவில் இருந்த துரைசானிக்குத் துணையாக சௌந்தரம் என்று ஒரு கிறிஸ்தவ விதவை இருந்தாள். கோஷாவில், திரைக்குள்ளேயே இருக்கிற பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வீடு வீடாகப் போவாள். துரைசானியிடம் சீமைக் கதைப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. துரைசானி வாசித்துச் சொல்வாள். சௌந்தரம் அதை நம் பேச்சில் போட்டுப் போகிற வீட்டிலெல்லாம் சொல்வாள். சாய்புவின் பீவி மஹ்பூபிக்கு அந்தக் கதைகள் ரொம்பப் பிடித்துப்போயின. பட்டைக் கிடங்கில் வேலை செய்கிற பொம்பளைகளும் கேட்கட்டுமே என்று புருஷனிடம் சொன்னாள். பீவி சொல்லை சாய்பு தட்டமாட்டார். ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தார்.

"முனிரத்தினம், அந்தம்மா மத்தியானம் கஞ்சி வேளைக்கு வரட்டும், கதை சொல்லட்டும். ஆனா மதம் கலக்கக்கூடாது. நம்ம ஷாப்புல எல்லா ஜனமும் இருக்குது. அவன் அவன் சாமி அவன் அவன் ஊட்டுல. கதைக்கு நடுவுல எதையாச்சும் மறைச்சு வெச்சிருந்தா நீதான் கண்டுபிடிக்கணும். உன்ன உட்டா வேற ஆளு கிடையாது. சூரியன் கெழக்கால வந்தாக்கூட சாட்சி கேக்கறவன் நீ."

"உள்ள இருந்தா நான் எடுத்துடுவேன் சாய்பு," என்றார் மேஸ்திரி. சும்மா சொல்லவில்லை. கதை என்றாலே ஏமாற்று வேலை என்பது அவர் எண்ணம். இல்லாத ராஜாவை இருந்தான் என்கிறவள் வேறு எதைத்தான் சொல்லமாட்டாள்?

முதல் நாள் சௌந்தரம் சொன்னது, தன் தூக்கத்தை ஒரு மந்திரக்காரியிடம் விற்றுவிட்டு, திரும்ப வாங்க ஊர் ஊராக அலைந்த ராஜாவின் கதை. கடைசியில் ஒரு குடிசையில், ஒரு தொட்டிலில் அந்தத் தூக்கம் கிடந்ததாம். கிடங்கில் பட்டை பொறுக்குகிற பெண்கள் கஞ்சிக் கலயத்தில் கை வைத்தபடி வாய் பிளந்து கேட்டார்கள். மேஸ்திரி ஒரு பட்டைச் சிப்பத்தின்மேல் உட்கார்ந்து, கம்பியை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"இரும்மா. தொட்டில்ல படுத்திருந்தது யாரு?"

"ஒரு நெசவுக்காரியோட கொழந்தைங்க, மேஸ்திரி ஐயா."

"நெசவுக்காரி பேரு மரியாளா?"

"அவளுக்குக் கதையில பேரே இல்லிங்க."

"பேரில்லாத பொம்பள ஏது? மறைக்கிறே."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். செண்பகம் என்கிற வாயாடி, "மேஸ்திரி, அப்ப நீயே அர்த்தம் சொல்லேன்," என்றாள்.

"இன்னா பெரிய அர்த்தம்? ராஜா சரக்கு இன்னான்னு தெரியாம வித்துட்டான். வித்துட்டு முழிச்சான். புத்தி கெட்டவன். அவ்ளோதான் கதை."

"தூக்கத்த வித்தா முழிக்கத்தானே வேணும்," என்றாள் செண்பகம். மறுபடி சிரிப்பு.

சிரிக்காமல் இருந்தவள் ஒருத்தி. அவள் மேஸ்திரியின் மனைவி கோவிந்தம்மாள். அவளும் அதே கிடங்கில்தான் பட்டை பொறுக்கினாள். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் குழந்தை இல்லை. தொட்டில் என்று கதையில் வந்ததும் அவள் தலையைக் குனிந்து, ஏற்கெனவே பொறுக்கிவிட்ட பட்டையை மறுபடி பொறுக்க ஆரம்பித்தாள்.

அப்புறம் தினம் ஒரு கதை. தினம் மேஸ்திரியின் கம்பி. பேசுகிற கரடி வந்தால் அந்தக் கரடி எந்தக் கோயிலுக்குப் போகும் என்று கேட்பார். ராஜகுமாரி அழுதால் யாரை நினைத்து அழுதாள் என்பார். எதிலும் கல் அகப்படவில்லை. அகப்படாதது அவருக்குப் பெரிய பேஜாராக இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கஞ்சி வேளை ஆகிவிட்டால் வண்டிக்காரனை நிற்க வைத்துவிட்டுச் சிப்பத்தின்மேல் வந்து உட்கார்ந்துவிடுவார். சௌந்தரம் வரக் கொஞ்சம் தாமதமானால், "இன்னும் காணோமே அந்தப் பொய்க்காரி" என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார்.

கார்த்திகை மாசம் பாதிக்கு மேல் போயிருந்தது. சௌந்தரம் அன்றைக்குச் சொன்ன கதை இது.

மலைநாட்டில் ஒரு கண்ணாடி வியாபாரி இருந்தான். அவன் விற்கிறதெல்லாம் கீழே போட்டால் உடைகிற சாமான். அதனால் உலகத்தில் எல்லாமே உடைகிற சாமான்தான் என்று நினைத்தான். அழகான பெண்ணைக் கட்டினான். மலை உச்சியில் வீடு கட்டி, சுற்றிலும் உயரமாகச் சுவர் எழுப்பி அவளை அதற்குள் வைத்தான். பட்டு வேண்டுமா, பட்டு. பழம் வேண்டுமா, பழம். ஒரு குறையும் இல்லை. ஒருநாள் புகைக்கூண்டு வழியாக ஒரு காற்று வந்தது. அதில் உப்பு மணத்தது. இது என்ன மணம் என்று கேட்டாள். கடல் என்றான். நான் கடலைப் பார்க்கணும் என்றாள். வழியெல்லாம் திருடன், நீ எதற்கு அலைய வேண்டும், நான் கொண்டுவருகிறேன் என்று போனான். ஒரு கண்ணாடிக் குடுவையில் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் பார்த்துவிட்டு, இது தண்ணீர், கடல் எங்கே என்றாள். மறுபடி போய் மணல் கொண்டுவந்தான். இது மணல், கடல் எங்கே என்றாள். மறுபடி போய்ச் சங்கு கொண்டுவந்தான். அதைக் காதில் வைத்துக்கொண்டு அவள் ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் கேட்கவே இல்லை. அவள் ஆசை தீர்ந்தது என்று அவன் சந்தோஷப்பட்டான். வியாபாரத்துக்குப் போய்த் திரும்பிய ஒருநாள் வீட்டுக்குள்ளே அலை அடிக்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தான். வாசற்படி வரைக்கும் தண்ணீர். அக்கரை தெரியாத நீலத் தண்ணீர். சுவரும் இல்லை, கூரையும் இல்லை, அவளும் இல்லை. காலை வைத்தால் முழுகிவிடுவோம் என்ற பயத்தில் அவன் வாசற்படியிலேயே நின்றான். இன்னும் நிற்கிறான், கையில் அந்தக் குடுவையோடு.

சௌந்தரம் நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றாள் எல்லம்மா. கிடங்கிலேயே வயசில் சின்னவள்.

"அவ்வளவுதான். புத்தகத்துல அதோட முடிஞ்சிபோச்சு."

"இதெல்லாம் ஒரு முடிவா? அவ செத்துட்டாளா, இல்லையா?"

"செத்துட்டாடி. முழுகிட்டா, பாவம்," என்றாள் ஒருத்தி.

"எவன் சொன்னான்? அவளுக்குப் படகுக்காரன் ஒருத்தன் தோஸ்த் இருந்திருப்பான். காத்து வந்த வழியிலதான் அவனும் வந்திருப்பான்," என்றாள் செண்பகம்.

"உன் புத்திக்கு வேற இன்னா தோணும்?"

அப்போதுதான் மேஸ்திரி எழுந்தார். கம்பியைத் தரையில் ஊன்றினார். முகத்தில் அத்தனை நாள் இல்லாத வெளிச்சம்.

"எல்லாரும் வாய மூடுங்க. மாட்டிக்கிச்சு! ஏம்மா, ஊட்ட உட்டு, புருசன உட்டு, அந்தப் பொம்பள எதுக்குள்ள போனா?"

"தண்ணிக்குள்ள."

"தண்ணிக்குள்ள முங்கி வேற ஆளா ஆனா. அதுக்கு உங்க கோயில்ல இன்னா பேரு? ஞானஸ்நானம்! ஒரு மாசமா உள்ள வெச்சு வெச்சு இன்னிக்கி வெளிய எடுத்துட்டியா? நாளையோட உன் கதைக்கு மூடுவிழா. சாய்பு கிட்ட சொல்றேன்."

சௌந்தரம் பதறிப்போனாள். "ஐயய்யோ, அப்படி ஒண்ணும் இல்லிங்க, மேஸ்திரி ஐயா..."

"அதுல மதம் ஒண்ணும் கிடையாது."

சொன்னது கோவிந்தம்மாள். கிடங்கில் அவள் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது இன்னா தண்ணின்னு எனக்குத் தெரியும்," என்றாள். கலயத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் களியும் கீரையும். மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டே, "அது இன்னா தண்ணி?" என்றார். "சாப்பிடு," என்றாள். கை கழுவும்போது மறுபடி கேட்டார். "வர்ற ஞாயித்துக்கெழம நான் ஊட்ல இருக்கமாட்டேன். ஆக்கி வெச்சிட்டுப் போறேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை!

மேஸ்திரிக்கு வாயில் இருந்த தண்ணீர் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. தண்ணீர் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம். கல்லும் தண்ணீரும் ஒரே கட்டுக்குள் இருந்தால் இதற்கு மேல் கம்பி எதற்கு? கோவிந்தம்மாள் அவர்கள் மதத்துக்குப் போகப்போகிறாள். அந்தக் கதைக்காரி இழுத்துக்கொண்டு போகப்போகிறாள். கொடியில் பார்த்தால், பழைய சேலை ஒன்று மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டிருந்தது. கேட்கலாம் என்று வாயெடுத்தார். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டார். பட்டைக் கட்டைக் கண்டு ஒருநாளும் அவருக்குப் பயம் வந்ததில்லை.

மறுநாள் காலை நேராக மிஷன் பங்களாவுக்குப் போனார். சௌந்தரம் வாசலில் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையச் சொல்லு. அந்தக் கதைக்கு அர்த்தம் இன்னா?"

"துரைசானி சொன்னது ஒண்ணு, நான் நெனைக்கிறது ஒண்ணுங்க."

"ரெண்டையும் சொல்லு."

"அந்தப் பொம்பளதான் ஆத்துமான்னு துரைசானி சொன்னாங்க. உடம்புங்கிற ஊட்ட உட்டுப் போவுதாம். எனக்கு அப்படிப் படல." தவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரரு காலராவுல போனப்போ நான் தண்ணி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து வாசல்ல நின்னேன், குடத்தோட. உள்ள கால் வெக்க முடியல. அந்தக் கதையில வாசப்படியில நிக்கிறானே கண்ணாடிக்காரன், எனக்கு அவன்தான் நானு. அந்தப் பொம்பளயப் பத்தி நான் யோசிச்சதே இல்ல."

மேஸ்திரி கொஞ்சம் இறங்கினார். ஆனாலும் விடவில்லை. "அப்ப உள்ள நீ ஒண்ணும் வெக்கலேங்கிற."

"நான் இன்னாத்த வெக்கறது? கேக்கறவங்களே கொண்டாந்து வெச்சுக்கறாங்க."

"அதான் மோசம்! விக்கிறவன் வெச்சா கம்பியில மாட்டும். வாங்கறவனே கல்ல வெச்சுக்கினா எடை போடறவன் இன்னா பண்ணுவான்?" பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தணித்து, "என் ஊட்டுக்காரி உன்கிட்ட எதனா கேட்டாளா?" என்றார்.

"ஞாயித்துக்கெழமைக்கு வேலூர் பக்கம் போற ரயிலு எந்நேரம்னு கேட்டாங்க. மொத நாளே போவணும்னு சொன்னாங்க."

வேலூர்! அங்கேதான் கிறிஸ்தவக் கோயிலுக்குக் கோயில் மணி அடிப்பார்களே. மேஸ்திரி அதற்கு மேல் கேட்கவில்லை. தோளில் இருந்த துண்டு கீழே விழுந்ததைக்கூட எடுக்காமல் நடந்தார். சௌந்தரம்தான் ஓடிவந்து கொடுத்தாள்.

சாய்பு வீட்டுக் கூடத்தில் அப்துல் ஹமீத் சாய்பு நாஷ்டா முடித்து உட்கார்ந்திருந்தார். மேஸ்திரியைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

"வா முனிரத்தினம். அந்தக் கடல் கதையா? நானே உன்னக் கூப்பிடணும்னு இருந்தேன். பட்டைக் கிடங்குல சொல்றதுக்கு முன்னாடியே அந்தம்மா அத இங்க சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து உங்க பீவி அம்மா மெட்ராஸ்ல சமுத்திரம் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. இன்னும் ரெண்டு கதை இப்படி வந்தா ஆம்பூர்ல ஒரு பொம்பளையும் மிச்சம் இருக்கமாட்டா."

"கதையில மதம் இருக்குது சாய்பு. ஞானஸ்நானம்."

"நல்லாக் கம்பி விட்டுப் பாத்தியா?"

"பாத்துட்டேன். என் ஊட்டுலயே மாட்டிக்கிச்சு." ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் சேலை, ரயில் எல்லாவற்றையும் சொன்னார்.

சாய்பு முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. திரைக்குப் பின்னாலிருந்து மஹ்பூபியின் குரல் வந்தது.

"மேஸ்திரி, உங்க ஊட்டுக்காரம்மாவையே கேட்டீங்களா?"

"இல்லிங்க பீவிம்மா."

"ஊரெல்லாம் கேக்கறீங்க. கதை சொன்னவளக் கேட்டீங்க. சாய்பு கிட்ட வந்தீங்க. கேக்க வேண்டிய எடத்துல கேக்கல. அந்தக் கண்ணாடிக்காரனும் அப்படித்தான். நல்லவன்தான், ஆனா அவ இன்னா கேக்கறான்னு ஒரு தரமாச்சும் காதுல வாங்கினானா?"

"பாத்தியா? இது எனக்குச் சொல்றாங்க," என்றார் சாய்பு மெல்ல. பிறகு, "போ முனிரத்தினம். போய்க் கேளு. கேட்டுட்டு வந்து நிறுத்துன்னா நிறுத்திடறேன். இருக்கட்டும்னா இருக்கட்டும். உன் வார்த்தைதான்," என்றார்.

மத்தியானம் கதை வேளைக்கு மேஸ்திரி கிடங்கில் இல்லை. கோவிந்தம்மாளைக் கூப்பிட்டுப் பாலாற்றுப் பக்கம் அழைத்துப்போனார். நல்ல மழைக்காலம், ஆற்றில் தண்ணீர் ஓடியது. தண்ணீரைப் பார்த்ததும் இந்த இடத்துக்கா அழைத்து வந்தோம் என்று அவருக்கே கோபம் வந்தது.

"கேக்கறேன், மறைக்காம சொல்லு. நீ தண்ணி எடுத்துக்கப் போறியா?"

"இன்னா தண்ணி?"

"அதான்... அவங்க கோயில் தண்ணி. ஞாயித்துக்கெழம. வேலூர்ல."

கோவிந்தம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள், உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இவள் இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று மட்டும் தோன்றியது.

"ஏன்யா, பொழுதுக்கும் கம்பிய உட்டுக் குத்தறியே, உன் மண்டையில உட்டுப் பாத்தியா ஒருநாளாச்சும்? வர்றது எந்த ஞாயித்துக்கெழம?"

"கார்த்திகை..."

"கார்த்திகைக் கடை ஞாயிறு. வேலூர் பக்கம் போற ரயிலு எங்க நிக்கும்?"

மேஸ்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

விரிஞ்சிபுரம். அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. கார்த்திகைக் கடைசி ஞாயிறு விடிவதற்கு முன்னால், பிள்ளை இல்லாத பெண்கள் அந்தக் கோயில் தீர்த்தத்தில் முழுகி, ஈரச் சேலையோடு கோயிலுக்குள் படுத்துத் தூங்குவார்கள். கனவில் சாமி ஒரு கிழவனாக வருவார். கையில் பூவோ பழமோ வைத்திருந்தால் பிள்ளை நிச்சயம்.

"கட்டிக்கினு வந்த மூணாம் வருசம் கேட்டேன்," என்றாள் கோவிந்தம்மாள். இப்போது சிரிப்பு இல்லை. "அழைச்சிக்கினு போன்னு கேட்டேன். நீ இன்னா சொன்னே?"

மேஸ்திரிக்கு ஞாபகம் இருந்தது. கூட்டத்தில் தாலி அறுக்கிறவன் இருப்பான் என்று சொன்னார். ஈரத்தோடு படுத்தால் ஜுரம் வரும் என்றார். கனவாவது பழமாவது என்றார். அப்புறம் பட்டை விஷயமாக அந்தப் பக்கம் போனவர், தானே கோயிலுக்குள் போய், ஒரு சொம்பு நிறையத் தீர்த்தம் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கொல்லையில் அவளை உட்காரவைத்துத் தலையில் ஊற்றினார். எல்லாம் ஒரே தண்ணிதான், அலையாமல் வேலை முடிந்தது என்றார். அன்றைக்கு அவருக்குப் பெரிய சந்தோஷம். பெண்டாட்டிக்காக இவ்வளவு தூரம் எவன் தண்ணீர் சுமப்பான் என்று.

ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரன் கையில் இருந்த குடுவையை நினைத்ததும் அவர் கை தானாக விரிந்தது.

"அதுல முங்கியிருந்தா பொறந்திருக்குமா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? பொறந்தும் இருக்காது. எங்க பெரியம்மா பொண்ணு மூணு தரம் போனா, அவளுக்கும் இல்ல." ஒரு சின்னக் கல்லை எடுத்து ஆற்றில் போட்டாள். "ஆனா போயிருந்தா நானும் வரிசையில நின்னு ஒரு தரம் கேட்டிருப்பேன். எனக்குக் குடுக்கலன்னா குடுக்காதவன் பாவம். கேக்கவே இல்லன்னு ஆயிடுச்சு பாரு, அதுதான்யா."

"இப்ப போயி இன்னாமே கேக்கப் போற? தலை நரைச்சுப்போச்சு. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. முங்கப் போறேன். உன்ன அழைச்சிக்கினு போன்னும் கேக்கல."

திரும்பி நடந்தாள். மேஸ்திரி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"ஏ கோவிந்தம்மா! கூட்டத்துல திருடன் இருப்பான்மே! நான் வராம எப்படி?"

சாயங்காலம் சாய்பு கேட்டார். "இன்னா, நிறுத்தட்டுமா?"

"வேணாம் சாய்பு. மதம் இல்ல. அதுல இருக்கறது பூரா என் ஊட்டு சமாச்சாரம். அந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் தெரியல."

"என் ஊட்டு சமாச்சாரமும் அதுலதான் இருக்கு," என்றார் சாய்பு. "மெட்ராஸுக்கு எப்ப வண்டி பிடிக்கிறதுன்னு பாத்துக்கினு இருக்கேன்."

சனிக்கிழமையே ரயிலேறினார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்தவனை மேஸ்திரி விரிஞ்சிபுரம் வரைக்கும் முறைத்துக்கொண்டே வந்தார். அந்த ஆள் பயந்துபோய் ஒரு வாழைப்பழம் கொடுத்தான். அதிலும் எதாவது இருக்கும் என்று வாங்கவில்லை. கோவிந்தம்மாள் வாங்கித் தின்றாள்.

கோயிலில் ஜனமான ஜனம். முழுகுகிற வேளை வந்ததும் ஆம்பளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் சேலைக் கூட்டத்துக்குள் கோவிந்தம்மாள் போனது தெரிந்தது. அவ்வளவு தலைகளுக்கு நடுவே நரைத்த தலை அது ஒன்றுதான்.

விடியும்போது பிரகாரம் முழுக்கப் பெண்கள் ஈரத்தோடு படுத்துக் கிடந்தார்கள். மேஸ்திரி ஒரு காய்ந்த சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே அங்கும் இங்கும் நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். காவல்காரன் விரட்டினான். மறுபடி எட்டிப் பார்த்தார். ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள். வெளியே காத்திருந்த மாமியார்களும் அம்மாக்களும் பிடித்துக்கொண்டு, என்ன வந்தது, என்ன வந்தது என்று கேட்டார்கள். பூ வந்தவள் சிரித்தாள். எலுமிச்சம்பழம் வந்தவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு சின்னப் பெண், கணியம்பாடிப் பக்கத்துப் பேச்சு, தூணோரம் தனியாக நின்று அழுதாள். கூட வந்த மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரிக்கும் கணியம்பாடிதான் சொந்த ஊர்.

"இன்னா பாப்பா, எதுவும் வரலியா?"

"வயலுதான் வந்துச்சு தாத்தா. வெறும் வயலு. ஒரு புல்லு பூண்டு இல்ல. எனக்குக் கெடையாதுன்னு எங்க அத்தை சொல்லிட்டாங்க."

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார்.

"உழுதிருந்துச்சா, தரிசா?"

பெண் யோசித்தாள். "உழுதிருந்துச்சு. மண்ணு பொரண்டு கெடந்துச்சு."

"ஈரம்?"

"இருந்துச்சு."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவற? உழுது, தண்ணி பாய்ச்சி எவனாச்சும் சும்மா உடுவானா? விதைக்கிறதுக்குத்தான் உழுதுக்கீறான்." மாமியார்க்காரி பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ஏம்மா, உங்க ஊர்ல பூவும் பழமும் வானத்துலேர்ந்தா விழுது? மத்தவளுக்கெல்லாம் பழம் காட்டினான். உன் மருமவளுக்கு நிலத்தையே காட்டிக்கீறான். அர்த்தம் தெரியாம புள்ளைய அழ வெக்கறியே!"

மாமியார் எழுந்து வந்தாள். அந்தப் பெண்ணின் தலையைத் துவட்டிவிட்டு, கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

"யாரோ ஒரு சாமி, கனவுக்கெல்லாம் அர்த்தம் சொல்லிக்கினு கீது," என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. கோவிந்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள். உடம்பெல்லாம் ஈரம், பல் தந்தியடித்தது, முகம் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தை முகம் மாதிரி இருந்தது.

"பொய்யா சொல்ற?"

"பொய் இல்லமே. வயல்னா அதான் அர்த்தம். நான் விவசாயக் குடும்பத்துல பொறந்தவன்." அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு பொறுக்கமாட்டாமல் கேட்டார். "உனக்கு? உனக்கு எதனா வந்துச்சா?"

"வந்துச்சு."

"இன்னாது?"

"ஒரு கெழவன் வந்தான்."

மேஸ்திரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "சாமியா!"

"யாரு கண்டா? 'எந்திரிமே, எந்திரிமே, சளி புடிக்கும்'னான்."

"அடச்சீ! அது நான்தான். தூணுக்கு அந்தாண்ட நின்னு கூப்பிட்டேன். காவக்காரன் வந்து கழுத்தப் புடிச்சுத் தள்ளிட்டான்."

"நீயா அது?" அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அந்தக் கெழவன் கையில ஒண்ணு வெச்சிருந்தான்."

கிழவன் தான்தான் என்று தெரிந்திருந்தும் மேஸ்திரி ஓரடி கிட்டே வந்தார்.

"பூவா? பழமா?"

"காஞ்ச பொடவ."

"அதுக்கு இன்னாமே அர்த்தம்?"

கோவிந்தம்மாள் அவர் கக்கத்திலிருந்து சேலையை உருவிக்கொண்டாள்.

"அந்தாண்ட திரும்பி நில்லு. யாராச்சும் வந்தா சொல்லு," என்றாள்.

மேஸ்திரி திரும்பி நின்றார்.